ஆன்றோவுக்கு இரண்டு பேச்சு

தாராவி, மும்பை
8.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கிளாரா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். ஒருவனுக்குப் பல் முளைக்கிறது, அதனால் மற்ற இருவருக்கும் தூக்கமில்லை. அதைத் தவிர சுகம்.

நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற குரல் பதிவுகளை நான் என்ன செய்வது? போனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், லேசாக அதிர்கிறது. அக்கா ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்பது வரை புரிந்தது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புகிறாயே, அதைக் கூட்டிப் படிப்பதற்குள் பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும். வீடியோவில் வந்தாலோ அத்தானும் நீயும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள். எனக்கு இருப்பது இரண்டு கண், நான் எந்த உதட்டைப் பார்ப்பேன்? ஆகவே காதுகேளாதோர் பள்ளி ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிக்கொண்டது போலக் காகிதத்திலேயே எழுதுவோம். உன் கையெழுத்தில் மட்டும்தான் நீ நிதானமாகப் பேசுகிறாய்.

ஆன்றோ சத்தம் போடுகிறானா என்று கேட்டிருந்தாய். பக்கத்து வீட்டு ஆசியாவைக் கேட்டேன். "ப்ப, ப்ப"ன்னு ஏதோ சொல்லுதான் என்றாள். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இல்லாததை அவன் எங்கிருந்தோ கொண்டுவந்துவிட்டான்.

என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். நானும் மிக்கேலும் சாப்பிடும்போது கையால் பேசிக்கொள்வோம் இல்லையா, இவன் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பிறகு தன் கைகளைத் தூக்கி, விரலை விரித்து மூடி, மூடி விரித்து, எங்கள் வேகத்திலேயே ஏதோ சொல்கிறான். அர்த்தம் ஒன்றும் கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் வாயால் உளறும், இவன் கையாலும் உளறுகிறான் என்று மிக்கேல் சொல்லிச் சிரிக்கிறார்.

அழுவதற்குக்கூட ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். முதுகுக்குப் பின்னால் அழுதால் அம்மா திரும்ப மாட்டாள் என்று தெரிந்துகொண்டான். தவழ்ந்து வந்து என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அதன்பின் அழுகிறான். தூளியில் கிடந்து அழுதால் ஆசியா தன் வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டுவாள், எங்கள் அறையில் சிவப்பு பல்பு மின்னும். மிக்கேலின் பட்டறைக்குப் பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் சைஃப் சுவரைத் துளைத்து வயர் இழுத்துக் கொடுத்தான். அத்தானுக்கு என் அன்பு.

உன் தங்கை
கிளாரா

*

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
19.10.2023

அன்புத் தங்கச்சி கிளாராவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வந்தன. பிள்ளை கையை விரித்து மூடுகிறான் என்று எழுதியிருக்கிறாயே, அது வலிப்பின் அறிகுறியாக இருக்கப்போகிறது. அத்தான் வேலை பார்க்கும் துறைமுகத்தில் ஒருவர் பிள்ளைக்கு இப்படித்தான் தொடங்கியதாம். உடனே டாக்டரிடம் காட்டு. சிரிக்கிற விஷயமா இது?

ஞானஸ்நானத்தன்று நாம் பேசி முடிவு செய்ததை மறந்திருக்கமாட்டாய். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் நான் வந்து அழைத்துக்கொள்வேன், பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதுவரை இங்கே வளர்வான். பேச்சு கேட்காத வீட்டில் வளர்ந்தால் பேச்சு எங்கிருந்து வரும்? உங்களைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் நீந்தப் பழக முடியாது, அவ்வளவுதான். நீயும் மிக்கேல் தம்பியும் அன்று தலையாட்டினீர்கள்.

அதுவரை ஒரு ரேடியோ வாங்கிவை. காதில் பேச்சு விழுந்துகொண்டே இருக்கட்டும். அவன் வாய் திறந்து பேசினால் மாதா கோவிலுக்கு வெள்ளியில் நாக்கு செய்து போடுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன். எனக்கென்று கேட்டு நேர்ந்ததெல்லாம் பலிக்கவில்லை, உன் பிள்ளைக்காகக் கேட்பதாவது பலிக்கட்டும். அறைக்குள் காற்றோட்டம் பார்த்துக்கொள். அத்தான் உன்னை விசாரித்தார்.

உன் அக்கா
இருதயமேரி

*

தாராவி
4.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ரேடியோ கதை. நீ சொன்னபடியே மிக்கேல் ஒரு பழைய ரேடியோ வாங்கி வந்தார். சத்தம் போதுமா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கையை வைத்துப் பார்த்து, நன்றாக அதிரும்வரை திருகி வைத்தோம். காலையில் போட்டால் பிள்ளை தூங்கும்வரை ஓடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஒரு நல்ல தாய் என்று எனக்கே பெருமையாக இருக்கும்.

போன வாரம் ஆசியா தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மெதுவாக, உதடு தெரியும்படி கேட்டாள். "ஏட்டி கிளாரா, இது எத்தன நாளைக்குப் போடச் சொல்லியிருக்காவ?" எதை என்றேன். ரேடியோவைக் காட்டினாள். அதில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லையாம். எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் நடுவில் கிடந்து, பெருமழை ஓட்டில் விழுவது போல ஒரே இரைச்சலாம். ஒரு மாதத்துக்கு மேலாக. "பிள்ளைக்கு டாக்டர் சொன்ன வைத்தியம்னுல்லா நெனச்சோம். அதான் சந்துல யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள். நான் வெட்கத்தில் செத்தேன். மிக்கேல் விழுந்து விழுந்து சிரித்தார். இப்படிப்பட்ட அக்கம்பக்கத்தார் எங்கே கிடைப்பார்கள் சொல்.

ஆனால் ஒன்று கவனித்தேன் அக்கா. அந்த ரேடியோவை ஆன்றோ ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆசியா பேசினால் மட்டும் அவள் வாயையே பார்க்கிறான். அவள் நிறுத்தினால் தன் வாயைத் திறந்து பார்க்கிறான்.

இனி பெரிய செய்தி. ஆன்றோ பேசிவிட்டான். ஆசியா தட்டும் அந்தச் சிவப்பு பல்பு மின்னியது. எனக்கு முன்னால் அவன் அதைப் பார்த்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, மூடிய விரல்களைக் கீழ்நோக்கி விரித்தான். அது எங்கள் பேச்சில் விளக்கு. தற்செயலாக இருக்கும் என்று பல்பைச் சுட்டிக் காட்டிக் கேட்டேன், மறுபடி செய்தான். அன்று சாயங்காலம் மிக்கேல் வந்ததும் வராததுமாக அவரை இழுத்துப்போய்ப் பல்பைக் காட்டிச் சொன்னான். மிக்கேல் அவனைத் தூக்கிக்கொண்டு சந்து முழுவதும் சுற்றி வந்தார், எல்லா வீட்டு பல்பையும் காட்டி. இப்போது பால், தண்ணீர், பூனை, போதும் எல்லாம் சொல்கிறான். டாக்டரிடம் போனேன், வலிப்பு எதுவும் இல்லை என்றார். உன் வெள்ளி நாக்கை ஆசாரியிடம் சொல்லி வெள்ளிக் கையாக மாற்றிவிடு.

உன்
கிளாரா

*

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
21.4.2024

அன்புள்ள கிளாராவுக்கு,

அவன் விளக்கு என்று காட்டியதை நீ பேச்சு என்கிறாய். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வெளி உலகத்தில் அதை யார் புரிந்துகொள்வார்கள்? கடைக்காரனுக்குப் புரியுமா, டீச்சருக்குப் புரியுமா? நீ ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போது தெருப் பிள்ளைகள் உன்னைச் சேர்த்துக்கொள்ளாமல் ஓடினார்களே, அதை நான்தான் வாசலில் நின்று பார்த்தேன். உன் பிள்ளைக்கு அது வரக்கூடாது. இதை எழுத எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஜூலையில் வருகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. அத்தான் கட்டிலுக்குப் பக்கவாட்டுக் கம்பி அடித்திருக்கிறார், பிள்ளை உருளாமல் இருக்க. சின்னத் தட்டு, சின்ன நாற்காலி எல்லாம் வாங்கிவிட்டோம். வீட்டில் ஒரு சின்ன நாற்காலி கிடப்பதைப் பார்க்கவே எனக்கு எப்படியோ இருக்கிறது.

நடக்கிறானா? வாயில் ஒரு வார்த்தையாவது வந்ததா? எழுது.

அன்புடன்
அக்கா இருதயமேரி

*

தாராவி
16.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது.

ஒன்றரை வயதாகியும் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை என்பதால் பிள்ளையைக் கொடுத்தேன். கொடுத்த வாக்கு என்பதால் மட்டும் அல்ல. எனக்கும் பயம் இருந்தது. அதனால் நீ பிடுங்கிக்கொண்டு போனதாக நினைக்காதே.

ரயில் கிளம்பும்போது ஜன்னலில் அவன் கையை விரித்துத் திருப்பிக் காட்டினான் பார், அது டாட்டா இல்லை. 'முடிந்தது, இறங்கலாம்' என்று அர்த்தம். மிக்கேல் அதைப் பார்த்தவர் வீடு வரும்வரை கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

தண்ணீர் கேட்டால் கட்டை விரலை வாயருகே கொண்டுபோவான். தூக்கம் வந்தால் சொல்ல மாட்டான், காதைப் பிசைவான். பருப்புச் சோறு பிடிக்கும். ஆசியா தினமும் வந்து வெறும் தூளியைப் பார்த்துவிட்டுப் போகிறாள். சந்தில் எல்லோருக்கும் என் மேல் கோபம், கோபமாக இருக்கிறோம் என்று சொல்லிக் காட்டவும் செய்கிறார்கள்.

வீடியோவில் வா அக்கா, ஒரு நிமிஷம் போதும்.

கிளாரா

*

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
29.7.2024

அன்புள்ள கிளாராவுக்கு,

நேற்று வீடியோவில் உன்னைப் பார்த்தபின் பிள்ளை போனின் பின்பக்கம் போய்த் தேடினான். பிறகு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. இனி கொஞ்ச நாளைக்கு போன் வேண்டாம், பழகட்டும். கடிதத்தில் எல்லாம் எழுதுகிறேன்.

மற்றபடி நன்றாக இருக்கிறான். அத்தான் வேலைக்குக் கல்யாண மாப்பிள்ளை போல மாலை போட்டுக்கொண்டு போவதில்லை, அவ்வளவுதான் குறை, அப்படி ஒரு குஷியில் இருக்கிறார். தெருவே வந்து கொஞ்சுகிறது. நான் எழுந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன், இது கத்தரிக்காய், இது காக்கா, இது பெரியப்பா செருப்பு என்று. பெரியப்பாவே சலித்துப்போய், "ஏளா மேரி, செருப்ப மாட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள அதுக்குப் பேரு வைக்கியே" என்கிறார்.

ஒரே கவலை, சளி. வந்த நாளிலிருந்து மூக்கின் பக்கத்தில் விரலை வைத்து வைத்து எடுக்கிறான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைக்கிறான், பாவம், வலிக்கிறது போல. காலையில் எழுந்தவுடன், சாப்பிடும்போது, வாசலில் யாராவது பெண்பிள்ளைகள் போனால்கூட மூக்கைத் தொடுகிறான். மூக்கில் ஒன்றும் ஒழுகவில்லை. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். ஒரு வாரமாக விடுகிறேன், கத்துகிறான், தொடுவது குறையவில்லை. நீராவியும் பிடித்தேன். அங்கே இருக்கும்போது மூக்கில் எதையாவது போட்டுக்கொண்டானா? பட்டாணி, மணி இப்படி? உடனே எழுது. மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று அத்தான் சொல்கிறார்.

அன்புடன்
இருதயமேரி

*

தாராவி
3.8.2024

அக்கா,

மதுரைக்குப் போக வேண்டாம். சொட்டு மருந்தை நிறுத்து. அவனுக்குச் சளி இல்லை.

அது நான்.

மூக்குத்தி இருக்கும் இடத்தில் விரலை வைத்தால் எங்கள் பேச்சில் அம்மா. நம் வீட்டில் யாரும் மூக்குத்தி போட்டதில்லை, ஆனாலும் இந்த நாட்டுச் சைகையில் எல்லா அம்மாக்களுக்கும் மூக்குத்தி உண்டு. அப்பாவுக்கு மீசை, மிக்கேல் மழித்துவிட்டுத் திரிந்தாலும். வாசலில் பெண்கள் போனால் தொடுகிறான் என்றாயே, நானா என்று கேட்டிருக்கிறான். உன் முகத்தைப் பார்த்து, அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறான். பதிலுக்கு மூக்கில் மருந்து விழுந்திருக்கிறது.

உன் மேல் கோபம் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நான் எழுதி வைக்காமல் விட்டேன். பருப்புச் சோற்றைப் பற்றியெல்லாம் எழுதினேன். படித்ததும் நான் அழுதேன், மிக்கேலிடம் காட்டினேன், அவர் படித்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு அவரும் அழுதார்.

இனி அவன் தொடும்போது நீயும் மூக்கைத் தொட்டு, கையைத் தூரத்துக்குக் காட்டு. தூரத்தில் இருக்கிறாள், வருவாள் என்று. அவனுக்குப் புரியும். புரியாத எதையாவது செய்தால் எப்படிச் செய்கிறான் என்று எழுது. நான் என்னவென்று சொல்கிறேன்.

கிளாரா

*

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
17.8.2024

அன்புள்ள கிளாராவுக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டும்போது பாதியில் என்னால் படிக்க முடியவில்லை. வந்த நாளிலிருந்து பிள்ளை உன்னைக் கேட்டிருக்கிறான். எனக்குக் காது கேட்டும் கேட்கவில்லை.

நீ சொன்னபடி மூக்கைத் தொட்டு, தூரத்தைக் காட்டினேன். அவன் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தான். உனக்கும் பேச்சு வருமா என்பது போல. அப்புறம் மடமடவென்று கையால் என்னென்னவோ சொல்லத் தொடங்கிவிட்டான், இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்து. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆகவே கேட்கிறேன்.

ஒரு விரலைத் தலைக்கு மேல் சுற்றுகிறானே, அது ஃபேனா? கன்னத்தில் மீசை இழுப்பது போல் இரண்டு பக்கமும் இழுக்கிறான், அப்பாவா பூனையா? நான் பாட்டுப் பாடும்போது இரண்டு கைகளையும் விரித்துத் திருப்புகிறான், ரசிக்கிறான் போலிருக்கிறது.

இன்னொரு செய்தி. நேற்று குடத்தைக் காட்டி "தண்ணி" என்றான். வாயால். தெளிவாக. நான் ஓடிப்போய்த் தெருவில் சொல்லிவிட்டு வந்தேன். இன்று "காக்கா". என்னைப் பார்த்து "ம்மா" என்றும் சொல்கிறான். பெரியம்மாவைத்தான் சுருக்கிச் சொல்கிறான். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை கிளாரா.

வெள்ளி நாக்கு செய்யக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்
இருதயமேரி

*

தாராவி
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுற்றுவது ஃபேன். இரண்டு பக்கமும் இழுத்தால் பூனை, மூக்குக்குக் கீழே மட்டும் தடவினால் அப்பா. நீ பாடும்போது செய்வது 'போதும்'. மன்னித்துக்கொள்.

தண்ணி என்றான் என்று படித்ததும் மிக்கேல் சந்தில் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. பிறகு வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அவன் 'தண்ணி' என்று சொல்வதை நான் கேட்க மாட்டேன். உதட்டில் பார்த்தால் பாதிதான் பிடிபடும், அதுவும் சின்னப் பிள்ளையின் உதடு. பள்ளிக்கூடம் சேரும் வயதில் அவன் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு வருவான், ஆனால் என்னோடு பேச மறந்து வருவான். அப்போது அவனுக்குக் காய்ச்சல் என்றால் எங்கே வலிக்கிறது என்று ஆசியாவிடம் சொல்வான், ஆசியா எனக்குச் சொல்வாள். என் பிள்ளை எனக்கு விருந்தாளி ஆகிவிடுவான். நம் வீட்டில் நான் அப்படித்தான் இருந்தேன் அக்கா. எல்லோரும் சிரிப்பீர்கள், என்ன என்று கேட்டால், அப்புறம் சொல்கிறேன் என்பீர்கள்.

போன சனிக்கிழமை செம்பூருக்குப் போனோம். கோகிலவாணி என்று ஒருவர், பேச்சு தாமதமான குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். எங்களைவிடச் சின்ன வயது. காகிதத்தில் எழுதி எழுதிப் பேசினோம். கையில் பேச்சு வந்த பிள்ளைக்கு வாயில் வராமல் போகாது, இரண்டும் ஒரே மரத்துக் கிளை என்று எழுதினார். வாய்ப்பேச்சுக்கு வேண்டியது ரேடியோ இல்லை, அவன் முகத்தைப் பார்த்துப் பேசும் ஆட்கள். அவர்கள் தினமும் இருக்கிறார்களா என்று கேட்டார். நான் எங்கள் சந்துப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆசியாவிடம் வந்து சொன்னேன். "இந்தச் சந்துல பேச்சுக்கா பஞ்சம்? காது இருக்கவளுக்குத்தான் தெரியும், ஒருத்தியாவது வாய மூடட்டும் பாப்போம்" என்றாள். காலையில் அவள் வீட்டில், மதியம் கிழக்கு மூலை விஜயராணி வீட்டில், சாயங்காலம் பால்வாடியில் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

பிள்ளையைத் திருப்பிக் கொடு அக்கா. நீ நன்றாகப் பார்க்கவில்லை என்று இல்லை. அவனோடு பேச எனக்கு இருப்பது அந்த ஒரு வழிதான். உனக்கு இதனால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உன்
கிளாரா

*

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
6.10.2024

அன்புள்ள கிளாராவுக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். உன் கடிதத்தைப் படித்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு, பெரிய மனுஷியாகிவிட்டாள், இப்போது கேட்கிறாள் என்று அத்தானிடம் கத்தினேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

பிள்ளைக்கு இப்போது நிறைய வார்த்தை வருகிறது. கை குறைந்துவிட்டது. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஃபேன் என்று வாயால் சொல்கிறான், விரலைச் சுற்றுவதில்லை. பூனை போய்விட்டது. மூக்கைத் தொடுவதும் நின்றுவிட்டது. பழகிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்கவில்லை.

போன வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் தூங்கினான். நான் துணிக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் அவன் கை அசைந்தது. கொசு என்று விரட்டப் போனேன். கொசு இல்லை. கை தலைக்கு மேலே போய் விரல்களை விரித்தது. விளக்கு. பிறகு கட்டை விரல் வாய்க்குப் போனது. பிறகு மூக்கின் பக்கத்தில் வந்து அங்கேயே நின்றது. நீ எழுதித் தராமல் இருந்திருந்தால் எனக்கு அது சளியாகத்தான் இருந்திருக்கும். விழித்திருக்கும்போது என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டானே தவிர, பிள்ளை ஒன்றையும் மறக்கவில்லை கிளாரா. அவன் வாயால் ம்மா என்று கூப்பிடுவது என்னை. கையால் அம்மா என்று கூப்பிடுவது உன்னை.

அத்தானிடம் சொன்னேன். "நம்மகிட்ட நல்லாத்தான் இருக்கான். ஆனா மனசுல உள்ளதப் பேச ஆளில்லாம இருக்காம்லா" என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பிள்ளையைக் கொண்டுவந்து விட டிக்கெட் போட்டுவிட்டோம். பதினெட்டாம் தேதி குர்லா ஸ்டேஷனில் இறங்குவோம். நான் ஒரு வாரம் இருந்து, அந்தச் சந்துப் பெண்கள் உண்மையிலேயே பேசுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். வெள்ளி நாக்கைப் போன ஞாயிறு கோவிலில் போட்டாகிவிட்டது, கேட்டதை மாதா கொடுத்துவிட்டாள். சின்ன நாற்காலியைக் கொண்டுவர முடியாது. இங்கேயே இருக்கட்டும், லீவுக்கு வருவான் இல்லையா.

எனக்கு அழுகை வருகிறது, வரட்டும். எழுத்து அழிந்திருந்தால் அதுதான் காரணம்.

உன் அக்கா
இருதயமேரி

*

தாராவி
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உன் குரல் இல்லாமல் சந்து அமைதியாகிவிட்டது என்று ஆசியா சொல்கிறாள், அவள் சொன்னால் நம்ப வேண்டியதுதான். ஒரு வாரத்தில் நீ விஜயராணியோடு இரண்டு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகியிருக்கிறாய் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆன்றோ காலையில் ஆசியா வீட்டில் வாயால் பேசுகிறான். வாசற்படியைத் தாண்டி எங்கள் பக்கம் கால் வைத்ததும் கையால் பேசுகிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று அவனுக்கே தெரிகிறது. கதவை யாராவது தட்டினால் ஓடிவந்து என் சேலையை இழுக்கிறான். 'தண்ணி'யில் ஆசியா கொஞ்சம் இந்தியைக் கலந்துவிட்டாளாம், 'பானி' என்கிறானாம், அதை நீ வந்துதான் சரிசெய்ய வேண்டும்.

உனக்கு எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. மூன்று நாளாக அவன் ஒன்று செய்கிறான், எனக்கும் மிக்கேலுக்கும் புரியவில்லை. ஐந்து விரலையும் குவித்து வாய்க்கு முன்னால் பிடித்து, ஃபூ என்று ஊதுகிறான். சூடா என்று கேட்டோம், இல்லை. பலூனா, இல்லை. சைஃப் கடையில் பார்த்த காற்று மிஷினா, இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றிக் காட்டினோம், அதையும் ஊதி அணைத்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினான். உன்னிடம் எழுதிக் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். நேற்று என் போனைக் கொண்டுவந்து, படங்களைத் தள்ளித் தள்ளி, உன் படத்தில் நிறுத்தி, விரலைக் குவித்து ஊதினான்.

நீ சோற்றைப் பிசைந்து, உருட்டி, ஊதி ஊதி அவன் வாயில் வைப்பாய் இல்லையா. உனக்கே தெரியாமல் செய்கிறாய், ஆறிய சோற்றைக்கூட ஊதுகிறாய். அதுதான் நீ.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காதால் கேட்கும் பெயர் எங்களுக்குப் பயன்படாது. அதனால் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பெயர் வைப்போம், அவர்களிடம் எது கண்ணில் படுகிறதோ அதை வைத்து. காது கேட்கிறவர்கள் அதைத் தாங்களாக வைத்துக்கொள்ள முடியாது, எங்களில் ஒருவர்தான் வைக்க வேண்டும். நீ எனக்கு அக்காவாக இருந்தும் இத்தனை வருஷத்தில் உனக்கு ஒரு பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை. அவன் வைத்துவிட்டான். இன்று மிக்கேலின் நண்பர்கள் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் உன் படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து உன் பெயரை ஊதினார்கள்.

இதை எழுதும்போது பக்கத்தில் நிற்கிறான். யாருக்கு என்று கேட்டான். விரலைக் குவித்து ஊதிக் காட்டினேன். கதவைக் காட்டுகிறான். எப்போது வருவாய் என்று கேட்கிறான், அக்கா.

உன்
கிளாரா